சீட்டில் தோல்... பாடியில் உப்பு!

லட்சுரி வேரியண்ட்டா, ஆஃப்ரோடு வேரியண்ட்டா? தோல் பூமியிலிருந்து ஒரு பிக்கப் வண்டிக் கணக்கு

உப்புத் தோல் ஏற்றி வந்த பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்தால் முதலில் இறங்குவது தண்ணீர்தான். பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று, மூக்கைத் துளைக்கும் வாடையோடு கொட்டும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் முப்பது, நாற்பது சதவீதம் வரை உப்பைத் தூவி அடுக்கி வைப்பார்கள். உப்பு தன் வேலையைச் செய்யும். தோலுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். சென்னை பெரியமேட்டிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ கிளம்பிய லோடு ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என எங்கே போய்ச் சேர்ந்தாலும், வழி நெடுக அந்த உப்புநீர் பாடியின் இடுக்குகளுக்குள் இறங்கிக்கொண்டே வந்திருக்கும். அடியில் தார்ப்பாய் விரிப்பார்கள், பலகை அடிப்பார்கள். அப்படியும் பின்கதவின் கீல், பாடித் தரையின் மூலைகள், சேஸிஸோடு பாடியைப் பிணைக்கும் போல்ட்டுகள் ஆகிய மூன்று இடங்களிலும் துரு தன் கணக்கைத் தொடங்கிவிடும். தோல் லோடுக்கு ஓடும் வண்டியைப் பழையதாக வாங்க வருகிறவர் விவரமானவராக இருந்தால், இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் குனிந்து அடியைத்தான் பார்ப்பார்.

இதே ஊர்களில் இப்போது இன்னொரு பேச்சும் அடிபடுகிறது. ஷோரூமின் ஏ.சி. குளிரில், காபி கொடுத்து உட்காரவைத்துக் கேட்கப்படும் கேள்வி அது: “சார், உங்களுக்கு டாப் எண்டு லட்சுரி வேணுமா, இல்ல ஃபோர் வீல் ஆஃப்ரோடு வேணுமா?” ஒரு பக்கம் தோல் சீட்டு, பெரிய டச் ஸ்கிரீன், குரோம் பளபளப்பு, பதினெட்டு இன்ச் அலாய். மறுபக்கம் நாலு சக்கரத்துக்கும் இழுவை, கரடுமுரடு டயர், உயரமான நிற்பு. ஒரே வண்டி, இரண்டு வேஷம். விலையோ ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுப்பது?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வேலூர் ஆம்பூர் வட்டாரத்தில் பிக்கப் வாங்குகிற பெரும்பாலானோருக்கு இந்தக் கேள்வியே தப்பான இடத்தில் தொடங்குகிறது. ‘லட்சுரி’ என்று காகிதத்தில் அச்சடித்திருப்பதில் பாதி இங்கே அத்தியாவசியம். மீதிப் பாதி இந்த ஊருக்கே வேடிக்கை. ‘அட்வென்ச்சர்’ என்று விற்கப்படுவது மலைக்கிராமத்துக்காரருக்கு அன்றாடப் பிழைப்பு; நெடுஞ்சாலையை விட்டு இறங்காதவருக்கு வெறும் எடை.

குட்டி யானையும் குட்டி ராஜாவும்

‘பிக்கப்’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு உலகம் இருக்கிறது. முதல் உலகம் உழைப்பாளி வண்டிகளுடையது. 2005-ல் டாடா ஏஸ் வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கியது. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. இவற்றுக்கு நடுவே மஹிந்திரா பொலிரோ பிக்கப், டாடா யோதா, இன்ட்ரா. ஒரு டேனரிக்கும் (தோல் பதனிடும் கூடம்) இன்னொரு டேனரிக்கும் இடையே வெட் புளூ எனும் பாதி பதனிட்ட ஈரத் தோல் ஏற்றுவதும், ஷூ கம்பெனியிலிருந்து கிராமத்துத் தையல் கூடங்களுக்கு அப்பர் பீஸ் கொண்டுபோவதும், ரசாயன பேரல்களைத் தூக்கி வருவதும் இவைதான். ஒரு காலத்தில் மாட்டு வண்டியும் பிறகு மெட்டடோரும் டெம்போவும் செய்த வேலை.

இரண்டாவது உலகத்தில் இசுஸு வி-கிராஸும் டொயோட்டா ஹைலக்ஸும் இருக்கின்றன. முன்னால் ஐந்து பேர் சொகுசாக உட்காரலாம். பின்னால் திறந்த பாடி. வி-கிராஸ் 2016-ல் வந்தது. ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. ஹைலக்ஸ் 2022-ல் வந்தது. பெங்களூரை அடுத்த பிடதியில் தயாராகிறது. வரைபடத்தை விரித்தால் ஒரு வேடிக்கை தெரியும். சென்னையைத் தாண்டி வடக்கே ஒரு தொழிற்சாலை, பெங்களூரைத் தாண்டி மேற்கே ஒன்று, நடுவழியில் ஓசூரில் தோஸ்த். சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 48-ன் வயிற்றில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நாட்டின் பிக்கப் கதையில் ஒரு பகுதி இந்தப் பக்கம்தான் நடக்கிறது.

இந்த இரண்டு உலகத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை ஷோரூமில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பொலிரோ பிக்கப் 1.3 டன்னிலிருந்து 1.7 டன் வரை ஏற்றும். முப்பது லட்சத்தை ஒட்டி விலையுள்ள ஹைலக்ஸில் ஐந்து பேர் உட்கார்ந்த பிறகு பின்னால் ஏற்றச் சட்டம் விடுவது அரை டன்னுக்கும் கீழே. உப்போடு சேர்த்து ஒரு மாட்டுத் தோல் பதினைந்து, இருபது கிலோ நிற்கும் என்று வைத்துக்கொண்டால், இருபத்தைந்து முப்பது தோலோடு கதை முடிந்தது. விலை உயர உயர சுமக்கும் எடை குறைகிற ஒரே வண்டி வகை இதுவாகத்தான் இருக்கும்! ஆக, இந்த ராஜாவை வாங்குகிறவர் லோடுக்காக வாங்குவதில்லை. அதை முதலில் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு எதற்காக? ஒரு காரணம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பெரிய எஸ்.யூ.வி.களுக்கு 40 சதவீதம். சரக்கு வாகன வகைக்குள் வருவதால் ஹைலக்ஸ், வி-கிராஸ் இரண்டும் விலை இறங்கின. ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸும் ஒரே அடித்தளத்தில், ஒரே 2.8 லிட்டர் டீசல் இன்ஜினோடு வருகிறவை. வரியில் மட்டும் இருபத்திரண்டு சதவீத இடைவெளி. கணக்குப் போட்டு வளர்ந்த தொழிலதிபர்கள் வாழும் ஊரில் இந்த இடைவெளியை யாரும் கவனிக்காமல் விடப்போவதில்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் ஆம்பூர் ஷூ ஏற்றுமதிக்கு விழுந்த அடியையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஆர்டர் நிச்சயமில்லாத வருடத்தில் இரண்டு வேஷத்தில் எது என்று யோசிப்பதற்கு முன், வேஷமே வேண்டுமா என்று யோசிப்பது நல்லது.

தோல் ஊரில் ரெக்சின்

லட்சுரி வேரியண்ட்டின் முதல் கவர்ச்சி தோல் சீட்டு. அமெரிக்காவில் இந்த மோகம் எங்கே போய் நின்றது என்பதற்கு ஃபோர்டின் ‘கிங் ராஞ்ச்’ நல்ல உதாரணம். டெக்சாஸில் 1853-ல் தொடங்கிய பிரம்மாண்டமான மாட்டுப்பண்ணை ஒன்றின் பெயர் அது. 2001-ல் அந்தப் பெயரையே ஒரு பிக்கப் வேரியண்ட்டுக்குச் சூட்டி, குதிரைச் சேணம் போலப் பழுப்புத் தோலால் சீட்டு தைத்து விற்றார்கள். அதே ஃபோர்டு 2009-ல் பாலைவனத்தில் பறக்கும் ‘ராப்டர்’ பிக்கப்பையும் கொண்டுவந்தது. ஒருவர் மாட்டுப் பண்ணை முதலாளியாகத் தன்னை நினைத்துக்கொள்ளலாம். இன்னொருவர் பந்தய வீரராக நினைத்துக்கொள்ளலாம். இருவரும் பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போகிறார்கள் என்பது வேறு விஷயம். ஜெனரல் மோட்டார்ஸின் ஜி.எம்.சி. பிராண்டு, சொகுசுக்கு ‘டெனாலி’ என்றும் சேற்றுக்கு ‘ஏ.டி.4’ என்றும் பெயர் வைத்து அதே வியாபாரத்தை நடத்துகிறது.

நம் பக்கம் வருவோம். இந்தியச் சந்தையில் ‘லெதர் சீட்’ என்று விற்பனையாளர் வாயில் வருவதில் பெரும்பகுதி லெதரெட். நம் ஊர் டிரைவர் பாஷையில் ரெக்சின். நிஜத் தோல் தரும் வண்டிகளிலும் உட்காரும் பகுதி, சாயும் பகுதி மட்டும் தோலாக இருந்து, பக்கவாட்டும் முதுகுப்புறமும் செயற்கையாக இருப்பது சகஜம். உலகத்துக்கு ஷூ தைத்து அனுப்பும் ஊரில், தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா, எருமைக்கன்றா என்று சொல்லிவிடக்கூடியவர்கள் நடமாடும் ஊரில், ரெக்சினைத் தோல் என்று சொல்லிக் கூடுதலாக லட்சங்கள் கேட்பது ஒரு தைரியம்தான்.

அப்படியானால் கார் சீட்டுத் தோலை நாமே ஏன் பெருமளவில் செய்வதில்லை? காரணம் மாட்டிடமே இருக்கிறது. சீட்டுக்குப் பெரிய பரப்பில், வடு இல்லாத தோல் வேண்டும். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகள் உருவத்தில் பெரியவை. நம் மாடு சிறியது, உழைத்து வாழ்ந்தது. கழுத்தில் நுகத்தடி உரசிய காய்ப்பு, உண்ணி கடித்த புள்ளிகள், முள்வேலியில் கிழித்த கோடு, சில இடங்களில் சூட்டுக்கோல் போட்ட தழும்பு. ஒரு ஷூவின் மேற்பகுதிக்குத் தேவை உள்ளங்கை அகலத் துண்டுகள். வடுக்களுக்கு நடுவே நல்ல இடம் பார்த்து வெட்டிவிடலாம். சீட்டுக்கு அந்த வசதி கிடையாது. போதாக்குறைக்கு, கார்த் தோல் வெயிலில் வெளிறக் கூடாது, சூட்டில் ஆவி கக்கிக் கண்ணாடியில் படலம் கட்டக் கூடாது என்று தனித்தனிச் சோதனைகள் உண்டு. ஷூ தோலுக்கு என்று வளர்ந்த இந்த வட்டாரத்தின் திறமை அதிகமும் ஷூ பக்கமே போனதில் ஆச்சரியமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். நண்பகலில் நிழலில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் நிறுத்திய வண்டியில் கறுப்புத் தோல் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ரெக்சினானால் இன்னும் மோசம், முதுகு வேர்வையில் ஒட்டிக்கொள்ளும். தடித்த துணிச் சீட்டு இந்த ஊருக்கு எல்லா விதத்திலும் மேல். கழற்றித் துவைக்கக்கூடிய உறை போட்டுவிட்டால் தோல் மண்டிக்குப் போய்வந்த வாடையும் தங்காது. லட்சுரி வேரியண்ட்டின் மிக விலையுயர்ந்த அம்சம், என் கணக்கில், இங்கே மிகவும் தேவையில்லாத அம்சம்.

கொண்டை ஊசிக்கு ஃபோர் வீல் எதற்கு?

ஆஃப்ரோடு கட்சிக்காரர்கள் உடனே மலையைக் காட்டுவார்கள். “ஏலகிரி பக்கத்துல இருக்கு, ஜவ்வாது மலை இருக்கு, ஃபோர் வீல் இல்லாம எப்படி?”

ஏலகிரிக்கு பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். நல்ல தார்ச்சாலை. அரசுப் பேருந்து தினமும் ஏறி இறங்குகிறது. பேர்ணாம்பட்டிலிருந்து ஆந்திராவின் வி.கோட்டாவுக்குப் போகும் மலைப்பாதையும் அப்படித்தான். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூருக்கும், அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கும் சாலை உண்டு. இந்தப் பாதைகளில் எதற்கும் நாலு சக்கர இழுவை தேவையே இல்லை. தேவைப்படுவது பவர் ஸ்டீயரிங், நல்ல பிரேக், இரண்டாவது கியரில் மூச்சு முட்டாத இன்ஜின்.

சொல்லப்போனால், வளைவில் ஃபோர் வீலைப் போட்டுவைப்பது ஆபத்து. இந்த வகைப் பிக்கப்களில் இருப்பது பெரும்பாலும் ‘பார்ட் டைம்’ ஃபோர் வீல். ஃபோர் ஹெச் (சாதாரண வேகத்துக்கான நாலு சக்கர இழுவை) போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் ஏறும். ஸ்டீயரிங் இறுகும், வண்டி திக்கும், ஒருநாள் பெரிய செலவு வைக்கும். ‘மலையில ஃபோர் வீல் போட்டுத்தான் ஓட்டினேன்’ என்று பெருமையாகச் சொல்கிறவரைப் பார்த்தால், அவருடைய மெக்கானிக்கை நினைத்துச் சந்தோஷப்படலாம்.

ஃபோர் வீல் தன் காசுக்கு வேலை செய்யும் இடம் தார் முடிந்த பிறகு தொடங்குகிறது. அணைக்கட்டு ஒன்றியத்துப் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை மலை ஊராட்சிகளின் உட்குக்கிராமங்கள், ஜவ்வாது மலையின் உள்பாதைகள். புளி, சாமை, பலா, தேன் எல்லாம் கீழே இறங்கவும், சிமென்ட்டும் ரேஷன் அரிசியும் மேலே ஏறவும் அங்கே சக்கரம் வேண்டும். மழை பெய்த மறுநாள் சிவப்பு மண் சோப்பு போல வழுக்கும். பிக்கப்புக்கு இங்கே ஒரு பிறவிக்குறை உண்டு: இழுப்பது பின்சக்கரம், ஆனால் பாடி காலியாக இருந்தால் பின்பக்கம் எடையே இல்லை. மேட்டில் சக்கரம் சும்மா சுற்றும். விவரம் தெரிந்த டிரைவர்கள் பின் அச்சுக்கு மேலே நாலு மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டு ஏறுவது இதனால்தான்.

ஆஃப்ரோடு வேரியண்ட்டில் பலரும் மதிப்புத் தெரியாமல் விடுவது ஃபோர் எல் என்ற லோ ரேஞ்ச். இழுவையை ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆக்கி, வேகத்தை அதே அளவுக்குக் குறைத்துவிடும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும். லோடோடு செங்குத்தாக இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடி விட்டுப்போகும். கரடுமுரடான மண் பாதையில் லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டுக் காலை எடுத்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கும். இதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பம்பரில் ஒட்டிய ஸ்டிக்கருக்கும், கறுப்பு அடித்த அலாய்க்கும் கொடுப்பதுதான் வீண்.

அந்த வேஷத்தையும் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். உயரமான நிற்பு, முரட்டு முகம், ஆனால் உள்ளே வெறும் பின்சக்கர இழுவை. தாய்லாந்தில் இந்த வகைக்குப் பெரிய சந்தையே உண்டு. இசுஸுவின் ஹை-லேண்டர் இங்கே அந்த வரிசை. வி-கிராஸிலேயே ஃபோர் வீல் இல்லாத ஆட்டோமேட்டிக் வேரியண்ட்டும் விற்பனைக்கு வந்தது. குறை சொல்லவில்லை, நெடுஞ்சாலையும் மண் ரோடும் கலந்து ஓடுகிறவருக்கு அது புத்திசாலித்தனமான தேர்வாகவும் இருக்கலாம். ஆனால் தோற்றத்தைப் பார்த்து ஃபோர் வீல் என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது. கியர் பக்கத்தில் டூ ஹெச், ஃபோர் ஹெச், ஃபோர் எல் என்ற திருகு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பாலாறும் 700 மில்லிமீட்டரும்

ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கி ஏறும் என்று டொயோட்டா சொல்கிறது. வருடம் முழுக்க மணலாகக் கிடக்கும் பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண் சிரிப்பாக இருக்கும். ஆனால் 2021 நவம்பரில் அதே பாலாறு பல பத்தாண்டுகளில் காணாத வெள்ளத்தோடு வந்தது. மாதனூருக்கும் குடியாத்தத்துக்கும் இடையே உள்ள தரைப்பாலம் அடித்துப்போனது. அந்த மாதிரி நாளில் எழுநூறு மில்லிமீட்டர் என்பது காகிதத்தில் மட்டும்தான் செல்லும். கம்பெனி சொல்வது நிற்கும் தண்ணீருக்கான கணக்கு. ஓடும் வெள்ளம் முழங்கால் அளவே இருந்தாலும் இரண்டு டன் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அடியில் பாலம் இருக்கிறதா, போய்விட்டதா என்பதும் தெரியாது. ஸ்நார்கெல் மாட்டியவர் தரைப்பாலத்தில் இறங்கினால் அது வீரம் ஆகாது.

மணலில் ஓட்டுவது வேறு வித்தை. டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, ஃபோர் ஹெச்சில் நிற்காமல் போக வேண்டும். அதற்கு உதவுவது பக்கச்சுவர் உயரமான டயர். லட்சுரி வேரியண்ட்டின் பெரிய அலாயில் ரப்பர் மெல்லிசாக இருக்கும். காற்றைக் குறைத்தால் ரிம் அடிபடும். கதவுக்குக் கீழே அழகாக நீளும் படிக்கட்டும் பாறையில் முதலில் இடிபடுவது. இரண்டு வேஷத்தையும் ஒரே வண்டியில் சேர்த்துத் தரும் உச்ச வேரியண்ட்டுகளில் இந்த முரண்பாடு எப்போதும் இருக்கும்: சேற்றில் போகும் எந்திரம் உண்டு, ஆனால் சேறு பட்டால் மனசு வலிக்கும் அலங்காரமும் உண்டு.

‘பேஸ் மாடல் எடுத்து, பிறகு வெளியே மாத்திக்கலாம்’ என்பது நம் ஊர் யோசனை. அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் அதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிபடச் சொல்லிவிட்டது. முன்னால் கட்டும் இரும்பு புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டது. சஸ்பென்ஷனைத் தூக்குவது, பெரிய டயர் போடுவது எல்லாம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிலும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் வந்து கழுத்தைப் பிடிக்கும். சீட்டு உறையைப் பிறகு மாற்றலாம். சவுண்டு சிஸ்டத்தைப் பிறகு மாற்றலாம். ஃபோர் வீலைப் பிறகு மாட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறவருக்கு இந்த ஒரு காரணமே போதும்: கழற்றி மாற்ற முடியாததைத் தொழிற்சாலையிலிருந்தே வாங்குங்கள்.

டிரைவர் சீட்டில் உட்காருவது யார்?

இதுவரை சொன்னது வண்டியை வாங்கி, தானே ஓட்டுகிறவரின் கணக்கு. தோல் பட்டையில் ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுவது சம்பளத்துக்கோ டிரிப் கணக்குக்கோ வரும் டிரைவர். வாங்கும் முதலாளி அந்த சீட்டில் ஒருநாள்கூட உட்காரமாட்டார். வேரியண்ட் கேள்வி நிஜமாகவே கனக்கும் இடம் இதுதான்.

தோஸ்த் வந்தபோதே மூன்று வேரியண்ட்டாக வந்தது. அடியில் இருந்ததில் எதுவும் கிடையாது. மேலே இருந்ததில் ஏ.சி., பவர் ஸ்டீயரிங். பொலிரோ கேம்பர் வரிசையில் ‘கோல்டு’ என்ற பெயரில் வசதி வேரியண்ட்டும், ஃபோர் வீல் வேரியண்ட்டும் தனித்தனியாக விற்கப்பட்டன. சொகுசா சேறா என்ற கேள்வி முப்பது லட்சத்து வண்டிக்கு மட்டும் உரியது என்று யார் சொன்னது? பத்து லட்சத்துக்குள் வாங்கும் மஞ்சள் போர்டுக்காரரும் அதே இடத்தில்தான் தலையைச் சொறிகிறார். அவர் பெரும்பாலும் எடுக்கும் முடிவு: ஏ.சி. இல்லாதது போதும், டிரைவருக்கு எதற்கு?

மே மாதம் மதியம் பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் நிற்கும் ஒரு பிக்கப்பின் கேபினை நினைத்துப் பாருங்கள். காலடியில் இன்ஜின் சூடு, தலைக்கு மேல் தகரச் சூடு, பின்னால் தோல் வாடை. பெரியமேட்டில் ராத்திரி லோடு ஏற்றி, விடியுமுன் கிளம்பி, இறக்கிவிட்டுத் திரும்பும் டிரைவர் அவர். தூக்கமும் வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நெடுஞ்சாலைக்குத் தெரியும். மத்திய அரசே இதை ஒப்புக்கொண்டு, 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் டிரைவர் கேபினுக்கு ஏ.சி.யைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த விதி 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான். குட்டி யானையும் தோஸ்த்தும் பொலிரோவும் அதற்குக் கீழே வருகின்றன. சட்டம் கைவிட்ட இடத்தில் முதலாளியின் மனசுதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் ஏ.சி., பவர் ஸ்டீயரிங், இடுப்பைத் தாங்கும் சீட்டு ஆகியவற்றை ‘லட்சுரி’ பட்டியலில் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. டேனரி முதலாளி தன் காரில் தைத்த தோல் சீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையில் அவருடைய இரண்டு மூன்று பிக்கப்களுக்கு ஏ.சி. வேரியண்ட் எடுத்துவிடலாம்.

சுமை பற்றியும் சொல்லியாக வேண்டும். பின்பக்கம் கமான் பட்டையைக் கூட்டிப் போட்டு ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றுவது இங்கே ரகசியமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக லோடுக்கு அபராதம் இருபதாயிரம் ரூபாய், அதன் மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம். உப்புத் தோலில் இன்னொரு பொறி உண்டு: மழையில் நனைந்தால் எடை ஏறும். ஏற்றும்போது சரியாக இருந்தது எடைமேடையில் அதிகமாகக் காட்டும். வேரியண்ட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒரு படி பெரிய எடை வகுப்புக்கும், பாடித் தரைக்குத் துருப்பிடிக்காத பூச்சுக்கும் கொடுத்தால் அது வண்டியின் ஆயுளில் தெரியும். அப்படி ஒரு ‘தோல் எடிஷன்’ எந்தக் கம்பெனியும் இதுவரை போடவில்லை. போட்டால் தோல் சீட்டு வைத்த எடிஷனைவிட இங்கே வேகமாக விற்கும் என்று தோன்றுகிறது.

மலைமேல் வேறு கணக்கு

2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, நல்ல சாலை இல்லாததால் மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுவரப்பட்டு இறந்தது. உடலைத் திருப்பிக் கொண்டுபோகும்போது ஆம்புலன்ஸால் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற முடியவில்லை. தாய் சுமந்துகொண்டு நடந்தார். அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைச் செம்பரைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன சரக்கு வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. ஆனால் மலையில் பேருந்து போகாத ஊருக்கு பிக்கப்தான் பேருந்து, ஆம்புலன்ஸ், கல்யாண வண்டி எல்லாம். சாலை இல்லாத ஊருக்கு ஃபோர் வீல் தீர்வு என்று யாரும் முடித்துவிடக் கூடாது, தீர்வு சாலைதான். சாலை வரும்வரை, மேலே வண்டி வைத்திருக்கிறவர்களாவது லோ ரேஞ்ச் உள்ளதை வைத்திருக்கும்படி கடனும் மானியமும் அமைய வேண்டும். கீழே ஷோரூமில் வார இறுதி விளையாட்டுக்காக விற்கப்படும் அதே எந்திரத்துக்கு மலைமேல் இருக்கும் மதிப்பு வேறு. விளையாட்டுக்காரர்களுக்கு ஒரு சேதி: ஜவ்வாது மலையில் பாதைபோலத் தெரிவதெல்லாம் பொதுப்பாதை ஆகாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை விட்டால் வனத்துறை வழக்குப் போடும்.

புக்கிங் போடுவதற்கு முன்

பதிவு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உட்காரும் டபுள் கேபின் வண்டி வெள்ளை போர்டில் பதிவானால் வாடகைக்கு லோடு அடிக்க முடியாது. கார் வகையில் வந்தால் தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விலைக்கு ஆயுள் வரி இருபது சதவீதம். ஜி.எஸ்.டி.யில் மிச்சம் பிடித்தது ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய்விடலாம். மஞ்சள் போர்டானால் முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., பிறகு வருடாவருடம். ஷோரூம்காரர் சொல்லும் ஆன்ரோடு விலையில் எந்தப் பதிவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குக் காலி வண்டியைத்தான் கொடுப்பார்கள். கமான் பட்டை வைத்த பிக்கப் காலியாக ஓடும்போது குதிக்கும், லோடு ஏறியதும் சமனாகும். காலியில் சொகுசாக இருப்பது லோடில் உட்கார்ந்துவிடும். ஆகவே வழக்கமாக ஏற்றும் எடையில் பாதியையாவது மூட்டையாகப் போட்டு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஃபோர் வீல் வாங்குவதாக இருந்தால் ஃபோர் எல் போட்டு ஒரு மண் சரிவில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். தார் ரோட்டில் திருகைத் திருப்பி விளக்கு எரிவதைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சம்பள டிரைவர் ஓட்டப்போகும் வண்டியானால் அவரையும் கூட்டிப்போங்கள். ஸ்டீயரிங் எப்படித் திரும்புகிறது, கிளட்ச் எவ்வளவு இறுக்கம், கண்ணாடியில் பின்கதவு தெரிகிறதா என்று அவர் சொல்வார். பின்கதவின் கீலையும் அவரே குனிந்து பார்ப்பார்.